கணக்குப்பிள்ளைக்காக ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய ஹாலிவுட் குற்றப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1948-ல் வெளிவந்த 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்' படத்துக்கு அதில் ஒரு பத்தி கிடைத்ததே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நல்ல அண்ணன், கெட்ட தம்பி, நடுவில் காட்டிக்கொடுக்கும் கணக்குப்பிள்ளை என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார் கட்டுரையாளர். முப்பத்தோரு வருடம் பேரேடு எழுதி ஓய்வுபெற்றவன் நான். அந்தக் கணக்குப்பிள்ளையை அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. நியூயார்க்கில் அந்தக் காலத்தில் 'நம்பர்ஸ்' என்று ஒரு சூதாட்டம் நடந்தது. மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லி ஏழை ஜனங்கள் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று கட்டுவார்கள். குதிரைப் பந்தயத்தில் அன்றைக்கு வசூலான மொத்தப் பணத்தின் இலக்கங்களை வைத்து ஜெயித்த எண் எது என்று முடிவாகும். இந்தச் சில்லறையை வாங்கிப் பட்டுவாடா செய்யும் இடத்துக்கு 'பேங்க்' என்றே பெயர். ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினம். 1776-ஐ நினைத்து அன்றைக்கு ஊரே 776-ல் பணம் கட்டும். பெரும்புள்ளியான டக்கர், அன்று அந்த எண்ணே விழும்படி ஏற்பாடு செய்கிறான். சின்ன பேங்குகள் எல்லாம் பட்டுவாடா செய்ய முடியாமல் ஒரே நாளில் படுத்துவிடும். பிறகு கைதூக்கிவிட வந்தவன்போல வந்து அத்தனையையும் வளைத்துப் போட்டுக்கொள்ளலாம். இதற்குச் சட்ட மூளை, வால் ஸ்ட்ரீட் வக்கீல் ஜோ மோர்ஸ். படுக்கப்போகும் பேங்குகளில் ஒன்றை நடத்துபவர் அவனுடைய சொந்த அண்ணன் லியோ. இதய நோயாளி.

இதற்கு நிஜத்திலும் வேர் உண்டு. 1930-களில் டச் ஷுல்ட்ஸ் என்ற தாதாவுக்கு ஓட்டோ பெர்மன் என்றொரு கணக்குப் புலி இருந்தார். பந்தய மைதானத்தில் கடைசி நேரத்தில் பணத்தைக் கட்டி மொத்தத் தொகையையே மாற்றி, ஜனங்கள் அதிகம் கட்டாத எண் விழும்படி பார்த்துக்கொள்வார். 1935 அக்டோபரில் நியூவர்க் நகரத்தின் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருவரையும் ஒன்றாகச் சுட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெர்மன் ஜனங்களைத் தோற்கடிக்கக் கணக்குப் போட்டார். படத்தில் டக்கர் ஜனங்களை ஜெயிக்கவைத்தே கொள்ளையடிக்கிறான். ஐரா உல்ஃபர்ட் 1943-ல் எழுதிய நாவல்தான் படத்துக்கு மூலம்.

சரி, அண்ணன் நல்லவரா? தம்பியை வக்கீலுக்குப் படிக்கவைக்கத் தன் வாழ்க்கையைக் கரைத்தவர் என்பது உண்மை. டக்கரோடு சேர மாட்டேன் என்று கத்துவதும் உண்மை. ஆனால் அவர் மனைவி, நீங்கள் கௌரவமாக வியாபாரம் செய்தவர் ஆயிற்றே என்று சமாதானம் சொல்லும் காட்சியை மறந்துவிடக் கூடாது. அதற்கு லியோ சொல்லும் பதில் என்ன? முன்பு கார் ஷெட் வைத்திருந்தபோது ஒவ்வொரு கேலன் பெட்ரோலுக்கும் மூன்று சென்ட் கூடுதலாகப் போட்டுப் பில் எழுதினாராம். டிரைவருக்கு இரண்டு, தனக்கு ஒன்று. தான் எப்போதுமே திருடன்தான் என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறார். எத்தனையோ வவுச்சர் பார்த்த எனக்கு அந்த ஒரு சென்ட் கணக்கு நன்றாகவே புரிந்தது. லியோவாக நடித்த தாமஸ் கோமஸ் அதைச் சொல்லும்போது முகம் வியர்த்து, மூச்சு வாங்கி, பாவமாகவும் எரிச்சலாகவும் இருக்கிறார். இவரை 'நல்ல அண்ணன்' என்று எழுதினால் அந்தக் காட்சியே வீண்.

தம்பி கெட்டவன் என்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. எல்லோரும் அழியட்டும், என் அண்ணன் மட்டும் தப்பட்டும் என்று நினைப்பவன் அவன். அந்தப் பாசம்தான் படத்தின் விஷம். அண்ணனுக்காக டக்கரிடம் கெஞ்சுகிறான். அண்ணன் மசியவில்லை என்றதும், அவருடைய பேங்கையே ரெய்டு செய்யும்படி போலீசுக்குத் தானே தகவல் கொடுக்கிறான். அப்படியாவது வழிக்கு வருவார் என்று ஒரு கணக்கு. சின்னப் பிள்ளையைக் காப்பாற்றுகிற மாதிரி காப்பாற்றப் போய்த்தான் அவரைக் குழிக்குள் தள்ளுகிறான்.

அந்த ரெய்டில் அண்ணனோடு சேர்ந்து பிடிபடுகிறவர்தான் நம் கணக்குப்பிள்ளை ஃபிரெடி பாவர். பயந்த சுபாவம். போலீஸ் வண்டியில் ஏறியதிலிருந்து நடுக்கம் நிற்கவில்லை. பேங்க் டக்கர் கைக்குப் போய் அவனுடைய ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு வேலையை விட்டுப் போகிறேன் என்கிறார். போக முடியாது என்று சொல்லி மிரட்டுகிறார்கள். வேறு வழி தெரியாமல் போலீசுக்குப் போன் செய்கிறார். இன்னொரு ரெய்டு வந்தால் இந்த இடமே மூடப்படும், நாம் வீட்டுக்குப் போகலாம் என்று அவருக்கு நினைப்பு. அந்தப் பலவீனம் டக்கரின் எதிர்க் கோஷ்டிக்குத் தெரிந்துவிடுகிறது. லியோவை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரவழைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். லியோவைத் தூக்கிப் போகிறார்கள். பாவரை அங்கேயே சுட்டுப் போடுகிறார்கள். இதில் ஜோ செய்ததும் பாவர் செய்ததும் ஒரே காரியம்தானே? இருவரும் போலீசுக்குத்தான் போன் செய்தார்கள். வக்கீல் செய்தால் பாசம், குமாஸ்தா செய்தால் துரோகமா?

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. படத்தை இயக்கிய ஏபிரகாம் பொலான்ஸ்கியும், ஜோவாக நடித்த ஜான் கார்ஃபீல்டும் 1951-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் நண்பர்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். இருவரும் ஒரு பெயரும் சொல்லவில்லை. கார்ஃபீல்டு மறு ஆண்டே மாரடைப்பில் இறந்தார், வயது 39. பொலான்ஸ்கி இயக்கிய முதல் படம் இதுதான். அடுத்த படத்தை இயக்க 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாவராக நடித்த ஹவ்லண்ட் சேம்பர்லினும், இப்படிப்பட்டவர்களுக்கு வேலை தராமல் ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியலில் சிக்கி வருடக்கணக்கில் சினிமா இல்லாமல் இருந்தவர். படத்தில் பயந்து போன் செய்த மனிதராக நடித்தவர், வாழ்க்கையில் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் தான் நடித்த அந்தக் கோழையை அவர் கொஞ்சமும் கேலி செய்யவில்லை. வேர்த்துப்போய்க் கண்ணாடிக்குள் விழிக்கும் அந்த முகத்தைப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் பிழைக்கிறவனின் பயம் அது.

ஒளிப்பதிவைப் பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. தனிமையை வரைந்த அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் ஓவியங்களைக் கொடுத்து, இந்த மாதிரி வேண்டும் என்று கேமராமேன் ஜார்ஜ் பார்ன்ஸிடம் கேட்டாராம் இயக்குநர். ஆளில்லாத வால் ஸ்ட்ரீட்டில் ஜோ தனியாக நடக்கும்போது அது தெரிகிறது.

முடிவைப் பற்றியும் ஒரு வரி. இனிமேல் சட்டத்துக்கு உதவுவேன் என்று ஜோ பேசுவது தணிக்கைக்காக ஒட்டவைத்த துண்டு மாதிரிதான் எனக்கு எப்போதும் படும். அதற்கு முன்னால் வருவதுதான் படம். விடிகாலையில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குக் கீழே அண்ணனின் உடலைத் தேடி அவன் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கிறான். படி முடிகிற இடத்தில் ஆறு, பாறை, அண்ணன். மொத்தப் படமும் 78 நிமிடம்தான். ஒருநாள் மாலை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
கும்பகோணம்.

பி.கு.: கட்டுரையில் கார்ஃபீல்டின் படத்துக்குக் கீழே 'அண்ணன் லியோ' என்று அச்சாகியிருக்கிறது. அவர் தம்பி. அண்ணனாக நடித்தவர் தாமஸ் கோமஸ். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.