எங்களுக்கும் அந்தத் தொல்லை உண்டு, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசாங்கம் 2025இல் 43 நாள் முடங்கிக் கிடந்ததைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை சம்பளம் இல்லாமல் இருந்த அரசு ஊழியர்களுக்கு, 2019இல் வந்த சட்டத்தின்படி அந்த நாள்களுக்கான சம்பளம் பிறகு கிடைத்துவிடும். அதே கட்டடங்களைக் கூட்டித் துடைத்த, காவல் காத்த குத்தகை நிறுவன ஆட்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இதை வாசித்தபோது யாரோ எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறார்கள் என்றே நினைத்தேன். ஆனால் கடைசிப் பத்தியில், நம் மலேசிய நாட்டுக் குத்தகையாளர்களுக்கு நல்லவேளையாக இந்தத் தொல்லை இல்லை என்று முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரி மூன்று நாளாக மனத்தை உறுத்துகிறது.

என் கணவர் பட்டர்வொர்த்தில் ஜி1 தரக் கட்டுமானக் குத்தகையாளர், அதாவது இருப்பதிலேயே சின்னத் தரம். அரசாங்கக் குலுக்கலில் விழும் சின்னச் சின்ன வேலைகள்தான் எங்களுக்கு: கூரை மாற்றுவது, கழிவறை பழுதுபார்ப்பது. கணக்கு வழக்கு முழுக்க நான் பார்க்கிறேன். 2018 மே மாதம் ஆட்சி மாறியபோது ஓர் அரசுக் கட்டடத்தில் கூரை வேலை பாதியில் இருந்தது. பழைய தகரத்தைக் கழற்றியாகிவிட்டது, புதுத் தகரமும் வந்து இறங்கிவிட்டது. ஒருநாள் காலை அதிகாரி போன் செய்து, "தாஹான் டூலு" என்றார். நிறுத்தி வையுங்கள், அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. அதை ஒரு கடிதமாகக் கொடுங்கள் என்று என் கணவர் நான்கு முறை நேரில் போய்க் கேட்டார். மேலிடத்தில் மறுஆய்வு நடக்கிறது, வந்ததும் தருகிறோம் என்றார்கள். கடிதம் வரவே இல்லை. ஐந்து மாதம் கழித்துத் தொடங்கச் சொன்னதும் போனில்தான்.

கூரை இல்லாத அறைக்குள் மழை கொட்டுமே என்று எங்கள் செலவில் தார்ப்பாய் வாங்கிக் கட்டினோம். காற்றில் அது இரண்டு முறை கிழிந்தது, இரண்டு முறையும் மாற்றினோம். அதற்கு எந்த பில்லிலும் இடமில்லை. கடனுக்குச் சாமான் தந்த ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) நல்ல மனிதர், இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் அவரும் என்ன செய்வார்? மகளுக்கென்று சேர்த்த வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. எங்களுக்கு வரவேண்டிய பணத்துக்குத் தேதி கிடையாது. ஆறு ஆட்களுக்கு நாங்கள் கட்டவேண்டிய ஊழியர் சேமநிதியும் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் மட்டும் மாதம் 15ஆம் தேதியைத் தாண்டக்கூடாது. ஒரு மாதம்கூட நாங்கள் தாண்டவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. அப்புறம் வேலை முடிந்ததும், ஒப்பந்தக் காலம் கடந்துவிட்டது என்று தாமத அபராதம் பிடித்தார்கள். நிறுத்தச் சொன்னதற்குக் கடிதம் எங்கே என்று எங்களையே கேட்டார்கள்.

புது அரசாங்கம் கணக்கைத் திருப்பிப் பார்ப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. டெண்டர் இல்லாமல் கொடுக்கப்பட்ட 700 கோடி வெள்ளி (ரிங்கிட்) வெள்ளத் தடுப்புத் திட்டங்களை 2022 டிசம்பரில் மறுஆய்வு செய்யச் சொன்னபோது எனக்கும் மகிழ்ச்சிதான். அது நம் வரிப்பணம். ஆனால் 2018 ஜூலையில் கிழக்குக்கரை ரயில் திட்டம் நின்றதிலிருந்து, மறு ஆண்டு 4,400 கோடி வெள்ளியாகக் குறைத்துத் தொடரும் வரை எத்தனை செய்தி போட்டீர்கள்! ஒரு கழிவறை வேலை நின்றால் செய்தி இல்லை. அந்தக் கழிவறை வேலையை நம்பித்தான் ஆறு வீட்டில் உலை கொதிக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கட்டுமானத் துறையில் பணப் பட்டுவாடாவுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மேலே இருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன் என்ற நிபந்தனை அந்தச் சட்டத்தின்படி செல்லாது. சரி, ஆனால் அங்கே போக ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், தீர்ப்பாளருக்குக் கட்டணம் கட்டவேண்டும். எங்கள் பாக்கிக்கு அது கட்டுப்படியாகாது. அதைவிட, புகார் செய்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அடுத்த வேலை கிடைக்குமோ என்ற பயம் என் கணவருக்கு. அந்தப் பயத்தை எந்தச் சட்டம் போக்கும்?

2020இல் கோவிட் வந்தபோது, ஏப்ரல் 1 முதல் 6 மாதம் கடன் தவணையை வங்கிகள் ஒத்திவைத்தன. லோரிக் கடனைப் பற்றிக் கவலைப்படாமல் நான் தூங்கியது அப்போதுதான். அரசாங்கமே வேலையை நிறுத்தும்போது அதே சலுகையைச் சின்னக் குத்தகையாளர்களுக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களை ஒரு தலையங்கத்திலாவது நீங்கள் கேட்டிருக்கலாம்.

அதற்குப் பதிலாக உங்கள் முதல் பக்கத்தில் நான் பார்ப்பது மாதிரிக் காசோலைகள். ஆள் உயரத்துக்கு ஓர் அட்டை, இரண்டு பக்கமும் பிரமுகர்கள். பினாங்கில் இருக்கும் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஏதோ ஒன்றின் தலைமையாசிரியர் நடுவில் நிற்பார். அந்தப் பணத்தை நம்பிச் சிமெண்டு இறக்கிவிட்டு, மாதக் கணக்கில் காத்திருந்தவர்களில் நாங்களும் உண்டு. இதைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். 20 ஆண்டுகளாக உங்கள் இதழை வாங்கும் வீடு எங்களுடையது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை மாதிரிக் காசோலைப் படம் வரும்போது, பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலைப் படத்துக்குக் கீழே போடுங்கள். ஞாயிறு கட்டுரையின் அந்தக் கடைசி வரிக்கும் ஒரு திருத்தம் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு குத்தகையாளரின் மனைவி,
பட்டர்வொர்த், பினாங்கு