தலைப்பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைக்கும், பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம். பிரசவக் கணக்கை ஆஸ்பத்திரி வாரியாக மக்களுக்கு வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அன்றைக்கே சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, எங்கே சேர்க்கலாம் என்று பேச்சு. தங்கை வீட்டுக்காரர் ஓர் இடம் சொன்னார், அங்கே ஏ.சி. ரூம், லிஃப்ட் எல்லாம் இருக்கிறது என்று. பக்கத்து வீட்டு அக்கா வேறு இடம் சொன்னார், அந்த டாக்டரம்மா கைராசிக்காரர் என்று. ஆட்டோ ஓட்டும் தம்பி மூன்றாவதாக ஒன்றைச் சொன்னான். எங்கள் கிராம சுகாதார செவிலியர், நாங்கள் நர்சம்மா என்று கூப்பிடுகிறவர், "ஜி.எச்.லயே பாருங்கம்மா, எல்லா வசதியும் இருக்கு" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எடுத்துக் காட்ட அவர் கையிலும் ஒரு தாள் இல்லை. கடைசியில் கைராசிதான் ஜெயித்தது.

முப்பத்தொன்பதாவது வாரம். தண்ணிக்குடம் உடைந்து, வலி தானாகவே வந்தது. குழந்தையின் தலை கீழே இறங்கியிருந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு நர்ஸ் வந்து, "பாப்பாவுக்கு பல்ஸ் குறையுது, கையெழுத்துப் போடுங்க" என்று ஓர் அட்டையை நீட்டினார். அட்டையில் சணல் கயிற்றால் கட்டிய பேனா. மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். என் தங்கைதான் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எந்தத் தாய் படிப்பாள்? பிள்ளை நன்றாகப் பிறந்தான். மறுநாள் அவளை வார்டுக்கு மாற்றியபோதுதான் சுற்றிப் பார்த்தேன். ஆறு கட்டில். ஆறு பேருக்கும் ஆபரேஷன்.

அன்றைக்கு அந்த மருத்துவர் எடுத்த முடிவு தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பல்ஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம், அந்த ஆபரேஷனே பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம். என் கேள்வி அந்த ஆறு கட்டில்களைப் பற்றியது. ஆறுக்கு ஆறு என்பது அந்த வாரம் தற்செயலாக அமைந்ததா, அங்கே வழக்கமே அதுதானா? ஒரு வருஷக் கணக்கைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். திண்ணையில் பேசிய நாளில் அந்தக் கணக்கு எங்கள் கையில் இல்லை. உங்கள் துறையிடம் இருந்தது.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பமான ஒவ்வொரு பெண்ணும் பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிப் பதிவேட்டில் பதிவு செய்கிறாள். தனியாரில் பார்த்தாலும் அரசில் பார்த்தாலும் அந்த நம்பர் வேண்டும், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அதைத்தான் கேட்கிறார்கள். எத்தனையாவது கர்ப்பம், கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி, எங்கே பிரசவம், சுகப்பிரசவமா ஆபரேஷனா, குழந்தை என்ன எடை என்று எல்லாம் பதிவாகிறது. அந்த விவரங்களைக் கொடுப்பவர்கள் நாங்கள். கூட்டி மாநிலக் கணக்காகவும் மாவட்டக் கணக்காகவும் மேலே போகிறது. ஆஸ்பத்திரி வாரியாக எங்களிடம் திரும்பி வருவதில்லை.

மாநிலக் கணக்கே கவலைப்பட வைக்கிறது. 2015-16-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 34.1 சதவீதம் சிசேரியன். 2019-21-ல் அது 44.9. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 21.5தான். ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடும்போது தாய் சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஆனால் 63.8 என்பது ஒரு சராசரி. அதற்குள் 30 உள்ள ஆஸ்பத்திரியும் இருக்கும், 90 உள்ளதும் இருக்கும். கர்ப்பிணிக்குத் தெரிய வேண்டியது தன் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய நாலைந்து இடங்களின் கணக்கு.

சரி, வெளியிடுங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். தப்பாக வெளியிட்டால் வெளியிடாமல் இருப்பதைவிட மோசமாகிவிடும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-ல் வெளியிட்ட ஓர் அட்டவணையில், லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல் என்று இருந்தது. ஒரு வருஷத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையை, ஒரே ஒரு நாள் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அந்த வருஷத்தில் சேர்ந்து குணமாகி வீடு திரும்பிய ஆயிரக்கணக்கானவர்கள் கணக்கிலேயே வரவில்லை. எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரத்துச் சிக்கலான பிரசவங்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தவள், இரட்டைப் பிள்ளைக்காரி, நஞ்சுக்கொடி கீழே இறங்கியவள் என்று 108-ல் ஏற்றி அங்கேதான் அனுப்புகிறார்கள். அங்கே சிசேரியன் அதிகமாக இருந்தால் அது குறையே இல்லை, அதுதான் அதன் வேலை. மொத்தச் சதவீதத்தை மட்டும் போட்டு, சின்ன நர்சிங் ஹோமுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் உயிரைக் காப்பாற்றுகிற இடத்துக்கு நாமே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் ஆவோம். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகள் சிசேரியன், சுகப்பிரசவம் இரண்டின் கணக்கையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2017-ல் உத்தரவு வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனாலும் வெறும் மொத்தக் கணக்கில் இந்தக் கோளாறு இருந்துகொண்டே இருக்கும்.

இதற்கு வழியும் இருக்கிறது. அயர்லாந்து மகப்பேறு மருத்துவர் மைக்கேல் ராப்சன் 2001-ல் பிரசவங்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்தார். 2015-ல் உலக சுகாதார நிறுவனமும் மருத்துவமனைகளை ஒப்பிட அதைப் பரிந்துரைத்தது. அதில் முதல் குழு எது தெரியுமா? தலைப்பிரசவம், ஒற்றைப் பிள்ளை, தலை கீழே, 37 வாரம் நிறைந்தது, வலி தானாக வந்தது. நம் வீடுகளில் நாம் தலைப்பிரசவம் என்று எதைச் சொல்கிறோமோ, அதில் சிக்கல் சேராத வகை. என் தங்கை மகள் அச்சாக அந்தக் குழுவில் இருந்தாள். இந்தக் குழுவை மட்டும் எடுத்து, நூறு பேரில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று பார்த்தால் பெரிய மருத்துவமனையையும் சின்ன நர்சிங் ஹோமையும் நியாயமாகப் பக்கத்தில் வைக்கலாம். வாரக் கணக்கும் எத்தனையாவது பிரசவம் என்பதும் உங்கள் பதிவில் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம், வலி தானாக வந்ததா என்பது ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது.

அப்புறம், கடைசி நேரத்தில் தள்ளிவிடுவது. சில இடங்களில் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, நிலைமை கைமீறியதும் ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்கள் என்று அனுப்புகிறார்கள். அங்கே நடப்பது ஜி.எச்.சின் கணக்கில் ஏறும். அனுப்பிய இடத்தின் கணக்கு சுத்தமாக இருக்கும். ஆகவே வலி வந்து முதலில் எங்கே சேர்த்தார்களோ அந்த இடத்தின் பெயரில்தான் பிரசவத்தை எழுத வேண்டும், எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள் என்பதும் நீங்கள் வெளியிடும் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சிக்கலானவர்களைத் தட்டிக்கழிப்பார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இதய அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் இறப்புக் கணக்கை வெளியிட்டபோது இந்தப் பயம் உண்மையாயிற்று. மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் செய்ய முன்பைவிடத் தயங்குகிறோம் என்று 63 சதவீத அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 1996-ல் வெளியான ஆய்வில் ஒப்புக்கொண்டார்கள்.

அதே பயத்தாலும், எண்ணிக்கை மிகச் சின்னது என்பதாலும், தாய் இறப்பை ஆஸ்பத்திரி வாரியாகப் போட வேண்டாம் என்றும் கேட்கிறேன். 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். வருஷத்துக்கு 400 பிரசவம் பார்க்கும் இடத்தில் சராசரியாக நாலரை வருஷத்துக்கு ஒரு மரணம். அங்கே சைபர் என்று எழுதினால் ஒன்றும் தெரியாது, ஒன்று என்று எழுதினாலும் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தாய் மரணத்தையும் உட்கார்ந்து ஆராயும் முறையை இந்தத் துறை நீண்ட காலமாக நடத்திவருகிறது. பழி போடாமல் பேசுகிற அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரும் நாள், நர்சம்மாவின் சம்மதத்தோடு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போனேன். கற்பனையாக மூன்று ஆஸ்பத்திரி, ஒவ்வொன்றுக்கும் நேராகச் சதவீதம். பெஞ்சில் இருந்த நாலு பேரிடம் காட்டினேன். பிளஸ் டூ படித்த ஒரு பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அதிகமா இருந்தா நல்லதா, கம்மியா இருந்தா நல்லதா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, ஆபரேஷன் அதிகம் செய்கிற இடத்தில் பெரிய டாக்டர்கள் இருப்பார்கள் என்று நினைத்து அதையே தேர்ந்தெடுத்தாள். எனக்குச் சுரீரென்றது. அவர்களிடம் ஒரு தப்பும் இல்லை, தாள்தான் தப்பு. வீட்டுக்கு வந்து திருத்தினேன். சதவீதத்தை எடுத்துவிட்டு, "தலைப்பிரசவத்துக்கு வந்த 10 பேரில் 7 பேருக்கு சுகப்பிரசவம்" என்று எழுதி, பத்துப் பொம்மை வரைந்து ஏழுக்கு வண்ணம் அடித்தேன். சுகப்பிரசவம் அதிகமாக உள்ள இடத்தை மேலே வைத்து வரிசையாக எழுதினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே பெண் பார்த்த உடனே விரலை வைத்துவிட்டாள். அப்புறம் அவளாகவே, "ராத்திரில மயக்க டாக்டர் இருப்பாங்களா, அதையும் போடுங்கக்கா" என்றாள்.

போட வேண்டியதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் கிடைக்குமா என்பது எந்தச் சதவீதத்துக்கும் குறைந்த செய்தி இல்லை. சுகப்பிரசவம் அதிகம் என்று போய், அவசரத்துக்கு ஆபரேஷன் செய்ய ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். தையல் பிரிந்து சீழ் வைத்ததா என்பதை ஆஸ்பத்திரியிடம் கேட்டால் தெரியாது, ஏனென்றால் அதற்குள் அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வரும் நர்சம்மாவுக்குத் தெரியும். ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று காசு கேட்டார்களா, வலியில் கத்தியபோது திட்டினார்களா, ஆபரேஷன் ஏன் என்று புரியும்படி சொன்னார்களா என்பதையும் வெளியே வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கேட்க வேண்டும். உங்கள் 104 மருத்துவ உதவி போன் சேவையிலிருந்தே கேட்கலாம்.

இணையதளத்தில் ஏற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதே பென்சில்வேனியாவில் இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் கேட்டபோது, ஆபரேஷனுக்கு முன்பு அப்படி ஓர் அறிக்கை இருப்பது தெரிந்தவர்கள் 12 சதவீதம் பேர்தான். நம்மிடம் அவர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. மாதா மாதம் கர்ப்பிணியை நேரில் பார்த்துப் பேசுகிற நர்சம்மா. ஐந்தாம் மாதம் அவர் கையாலேயே அந்த வட்டாரத்துத் தாளைக் கொடுத்து, ஐந்து நிமிஷம் விளக்கினால் போதும். வலி வந்த பிறகு கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

மருத்துவர்கள் எதிர்ப்பார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். அவர்களைக் கூட உட்கார வைத்தே இதைச் செய்யுங்கள். கணக்கை முதலில் அவர்களிடம் காட்டி, தப்பு இருந்தால் திருத்த ஒரு மாதம் கொடுங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 2001-ல் 24 மருத்துவமனைகளின் தரத்தைப் பொதுவில் வெளியிட்டார்கள். வேறு சில மருத்துவமனைகளுக்கு அறிக்கையைத் தனியாக மட்டும் கொடுத்தார்கள், இன்னும் சிலவற்றுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. பிரசவ சிகிச்சையில் பின்தங்கியிருந்த மருத்துவமனைகளில், பொதுவில் பெயர் வந்தவைதான் மற்றவற்றைவிட அதிகமாக முன்னேறின. இத்தனைக்கும் நோயாளிகள் கூட்டமாக இடம் மாறவில்லை. தன் பெயர் கெடக் கூடாது என்ற எண்ணமே அவர்களைத் திருந்த வைத்தது. நம் மருத்துவர்களுக்கு அந்த எண்ணம் குறைவு என்று நான் நம்பவில்லை.

சட்டமும் கையில் இருக்கிறது. 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனைகள் உங்களிடம்தான் பதிவு செய்கின்றன. ஒரு மாவட்டத்தில், ஒரு வருஷம் செய்து பாருங்கள். எங்கள் மாவட்டமாக இருந்தால் தாளை வரைந்து தரவும், செவ்வாய்க்கிழமைகளில் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வைத்துப் பார்க்கவும் நான் வருகிறேன்.

என் தங்கை மகளுக்கு இப்போது மறுபடியும் நாலாம் மாதம். முதலில் ஆபரேஷன் ஆனவளுக்கு இரண்டாவது சுகப்பிரசவமாக முயன்று பார்க்கிற ஆஸ்பத்திரி எது, அப்படி முயன்ற எத்தனை பேருக்குப் பத்திரமாகப் பிறந்தது என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னைக் கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நர்சம்மாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்க வேண்டும் என்று உங்களைக் கேட்கிறேன். ஏழாம் மாதத்துக்குள் அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய பெரியம்மா