கடைசி பஸ்ஸை விட்டுவிடு

மன்னார்குடி,
10.11.2024

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தீபாவளிக்கு வந்த நாத்தனார் குடும்பம் நேற்றுத்தான் ஊருக்குக் கிளம்பியது. இன்று ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மதியச் சமையலைக் காலையிலேயே முடித்துவிட்டுக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். நிறைய எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது. 'மகாராஜா'வைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். 'மெய்யழகன்' பற்றி ஒரே ஒரு வரி. "நல்ல படம்தான், ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டாய். எட்டாம் வகுப்பிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். பிடிக்காத படத்தைத்தான் நீ பக்கம் பக்கமாகத் திட்டுவாய். ஒரு வரியில் தாண்டிப் போனால் அந்தப் படம் உன்னை எங்கோ தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

'மகாராஜா' பற்றி நீ சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கிற மனிதரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கதையைக் கட்ட முடியும் என்று யார் நினைத்தார்கள்! இயக்குநர் நித்திலன் கதையை முன்னும் பின்னுமாக வெட்டி அடுக்கியிருக்கிற விதமும் பிரமாதம். விஜய் சேதுபதிக்கு 50-வது படம், கண்ணிலேயே பாதி நடிப்பை முடித்துவிடுகிறார். ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் போகவே இல்லை. அவர் மகள் ஜோதிக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்து, நாம் அசந்திருக்கும்போது எடுத்துப் போடுகிறார்கள். அவளுடைய வலி படத்துக்கு ஒரு திருப்பமாகிவிடுகிறது. அப்பா பழிவாங்குவதைப் பார்க்கிறோம், அப்பா உடைவதைப் பார்க்கிறோம், அவள் அந்த நாட்களை எப்படிக் கழித்தாள் என்பதை எத்தனை நிமிடம் பார்த்தோம்? கடைசியில் அவளே அந்தக் கொடுமைக்குக் காரணமான ஆளின் முன்னால் வந்து நிற்கும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் காட்சிக்காக இயக்குநருக்கு நன்றி சொல்வேன். அவளை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பேச விட்டிருக்கலாம்.

இதை யோசித்துக்கொண்டே இருந்ததால்தானோ என்னவோ, இந்த மூன்று மாதமாக எந்தப் படம் பார்த்தாலும் 'இதில் பெண்கள் பேசுகிறார்களா' என்றுதான் மனசு பார்க்கிறது. 'கொட்டுக்காளி'யில் மீனா அநேகமாகப் பேசவே மாட்டாள். ஆனால் படம் முழுக்க அவளுடையதுதான்.

நீ இன்னும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். கட்டாயம் பார். ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யும் இதுவும் ஒரே நாளில் வந்தன. கூட்டமெல்லாம் 'வாழை'க்குப் போய்விட்டது. நான் தஞ்சாவூருக்குப் போய்த்தான் பார்த்தேன். தியேட்டரில் இருபது பேர் இருந்தால் அதிகம், இடைவேளைக்குள் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர் "பாட்டு எப்ப வரும்?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு மட்டும் இல்லை, படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோவின் உறுமல், காற்று, சேவல் கத்தல், யாரோ செருமுவது, அவ்வளவுதான் சத்தம். முதல் பத்து நிமிடம் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த ஆட்டோவில் நானும் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கும். கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கீச்சுக் குரலில் எல்லோரையும் அதட்டிக்கொண்டே வருவார். அவரை இப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. மீனாவாக வரும் அன்னா பென்னுக்குக் கண் ஒன்றுதான் ஆயுதம்.

கதை இதுதான். வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் 'பேய் பிடித்திருக்கிறது' என்று சொல்லி, ஒரு சாமியாரிடம் குடும்பமே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறது. பலி கொடுக்கச் சேவலையும் கொண்டு போகிறார்கள். படம் தொடங்கும்போது அந்தச் சேவல் ஒரு கல்லில் காலைக் கட்டிப்போட்டபடி இருக்கும். கயிறு இழுத்துப் பிடிக்கிறவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததாக அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முடிவில், சாமியார் இன்னொரு பெண்ணுக்கு என்னவெல்லாம் செய்கிறார் என்பதைச் சூரி நடித்த பாண்டி நின்று பார்க்கிறான். பார்த்துவிட்டு அவன் என்ன முடிவெடுத்தான் என்று இயக்குநர் வினோத்ராஜ் சொல்லவில்லை. "அவ்வளவுதானா?" என்று பின்னால் இருந்தவர் சலித்துக்கொண்டார். நான் விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். நம் விடுதியில் இரண்டாம் வருஷம் பாதியில் நின்றுபோன பெண்ணை மறந்திருக்க மாட்டாய். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வேனில் வந்து கூட்டிப் போனார்கள். நாம் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனோம். வேனுக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஒருவரும் அவளோடு பேசவில்லை. அவள் நம்மைப் பார்த்துக் கையைக்கூட அசைக்கவில்லை. பேயோட்டுகிற கோடாங்கியிடம் கொண்டு போனார்கள் என்பது நமக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த வேனுக்குள் என்னை உட்கார வைத்துவிட்டது இந்தப் படம். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, அதையும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

'வாழை'யை மறுநாளே பார்த்தேன். உனக்குப் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. பையன்கள் இரண்டு பேரில் சிவனணைந்தான் ரஜினி ரசிகன், சேகர் கமல் ரசிகன், நடுவில் ஓயாத சண்டை! பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் அப்படித்தானே இருந்தோம். நான் சொல்ல வந்தது வேறு. கூலியை வாழைத்தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்களே, அந்த ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான், வேலை முடிந்த ஆட்களையும் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறார்கள், அந்த லாரி கவிழ்ந்துவிடுகிறது. இயக்குநர் மாரி செல்வராஜ் தன் ஊரில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார், அதனால் குறை சொல்ல மனசு வரவில்லை. இருந்தாலும் கடைசி ஒப்பாரியைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம். ஊரே அழும்போது பசி தாங்காமல் அந்தப் பையன் சோற்றுப் பானையைத் தேடுகிறான் பார், அந்த இடமே போதும். அதற்கு மேல் என்னால் அழ முடியவில்லை.

'லப்பர் பந்து'க்கு என் பையனும் அவன் கூட்டாளிகளும் வந்தார்கள். கெத்து என்கிற கிரிக்கெட்காரர் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' போட்டதும் பையன்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். 1989-ல் வந்த பாட்டு! அது வந்தபோது அவர்கள் பிறக்கவே இல்லை. கெத்தாக நடித்த அட்டகத்தி தினேஷுக்கு இனி நல்ல காலம்தான். எனக்குக் கெத்துவின் மனைவி யசோதைதான் பிடித்தாள். புருஷன் வேலையைப் போட்டுவிட்டு ஆட்டம் ஆட்டம் என்று திரிந்தால், டிராக்டரைக் கொண்டுவந்து மைதானத்தையே உழுகிறாள். என்ன ஒரு நடிப்பு அந்த ஸ்வாசிகா! கோபித்துக்கொண்டு அவள் போன பிறகு அந்த வீடும் அந்த மனுஷனும் எப்படி ஆகிறார்கள் என்று காட்டியது இன்னும் அழகு. தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம் என்றால் யார் நம்புவார்கள்?

சரி, இனி 'மெய்யழகன்'.

நீ பார்த்தது அக்டோபர் இரண்டாவது வாரம் என்று எழுதியிருந்தாய். நான் பார்த்தது வெளியான மூன்றாம் நாள், செப்டம்பர் 29. மறுநாளிலிருந்து சுமார் 18 நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. அடுத்த வாரம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அரவிந்த்சாமி நடித்த அருளும் கார்த்தி நடித்த அந்தப் பையனும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்களே, அங்கேதான் முதலில் உணர்ந்தேன். ஒரு பேச்சு முடிந்து அடுத்ததற்குப் போவதற்குள் ஒரு இடைவெளி இருந்தது, அதைக் காணோம். முதல் தடவை அவர்களோடு நானும் விடியவிடிய உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை விடியல் சீக்கிரம் வந்துவிட்டது. நீளம் என்று சொன்னவர்களுக்காக இயக்குநர் பிரேம்குமார் வேறு வழியில்லாமல் இறங்கிவந்திருப்பார். எனக்கு வருத்தம்தான். விடியவிடியப் பேசுகிற கதையில் பேச்சைக் குறைத்தால் அப்புறம் என்ன மிச்சம்? வெட்டின பிறகு வந்த படத்தைத்தான் நீ பார்த்தாய், அதுவே நீளம் என்கிறாய். உனக்கு அலுப்பு வந்தது நீளத்தினால் இல்லை, கலா.

நீடாமங்கலம் என்றால் நமக்கு ரயில்வே கேட்தான் முதலில் ஞாபகம் வரும். கேட் போட்டுவிட்டால் பஸ்ஸில் புழுங்கிக்கொண்டு கிடப்போம், வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா ஜன்னல் ஜன்னலாக வருவாள். அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறான் அருள். தஞ்சாவூர் வீட்டை இழந்துவிட்டு, 1996-ல் போனவன், 22 வருஷம் கழித்து. முகம் காட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடவேண்டும் என்பதுதான் அவன் நினைப்பு. மேடையில் தங்கைக்குக் கொலுசு போட்டுவிடுகிற காட்சி இருக்கிறதே, அதை இரண்டு தடவையும் உற்றுப் பார்த்தேன். அண்ணனைக் கண்டதும் கல்யாணப்பெண் முகம் எப்படி மாறுகிறது! வாங்கிவந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, அத்தனை பேர் பார்க்க மேடையில் மண்டியிட்டுக் கொலுசை மாட்டுகிறார் அரவிந்த்சாமி. பெரிய வசனம் ஒன்றும் இல்லை. மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவருடைய அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று பத்து வருஷம் ஆகிறது. மறுநாள் காலை காபி குடித்ததும் என்னைப் போன் போட்டுத் தரச் சொன்னார். நீண்ட நேரம் பேசவில்லை, "நல்லா இருக்கியா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஆனால் பேசினார்.

எனக்கு இந்தப் படத்தின் மேலும் ஒரு வருத்தம் உண்டு. கார்த்தியும் அரவிந்த்சாமியும் விடியவிடியப் பேசுகிறார்கள். கார்த்தியின் மனைவியாக வரும் ஸ்ரீதிவ்யா வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, தூங்கவேண்டியதுதான், அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளிலும் அப்படித்தானே? திண்ணையும் மொட்டைமாடியும் ஆற்றங்கரையும் ஆம்பிளைகளுக்கு. நாம் பேசினதெல்லாம் பாத்திரம் துலக்கும்போது, குளித்துவிட்டுத் துணி உலர்த்தும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. இரண்டு பெண்கள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பழைய வீட்டைப் பற்றியும் விட்டுப்போனவர்களைப் பற்றியும் பேசுகிற படத்தை யாராவது எடுக்கவேண்டும். நாம் கடைசியாக அப்படிப் பேசியது எப்போது? உன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, உங்கள் வீட்டு ஊஞ்சலில்.

அந்த வீட்டைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். ஹரித்ராநதிக் கரைப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். வாங்கினவர்கள் இடிக்கவில்லை. முன்பக்கம் கிரில் போட்டிருக்கிறார்கள், ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் வேய்ந்திருக்கிறார்கள். பவழமல்லி மரம் அப்படியே இருக்கிறது. இந்த ஐப்பசியிலும் வாசலெல்லாம் கொட்டிக்கிடக்கிறது, அந்த வீட்டுச் சின்னப் பெண் பாவாடையில் பொறுக்குகிறாள். நீ செய்த மாதிரியே காம்பை மட்டும் கிள்ளித் தனியாக வைக்கிறாள்.

வீட்டை விற்றபோது ஊஞ்சல் பலகையை என்ன செய்வது என்று தெரியாமல் உன் அப்பா எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். பதினாறு வருஷமாகிறது. கூடத்தில் மாட்டியிருக்கிறேன் என்று உனக்குப் போனில் சொன்னேன், நீ பேச்சை மாற்றிவிட்டாய். அதில் உட்கார்ந்துதான் என் பெண் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்தாள். மாமனார் கடைசி ஆறு மாதம் பகலெல்லாம் அதில்தான் படுத்திருந்தார், கட்டிலில் வராத தூக்கம் அதில் வந்தது அவருக்கு. அருள் விட்டுப்போன சைக்கிள் அந்தப் பையனுக்கு என்னவெல்லாம் ஆயிற்று என்று கார்த்தி சொல்லச் சொல்ல, நான் இந்தப் பலகையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பலகையின் ஓரத்தில் காம்பஸ் முனையால் நீ உன் பெயரையும் என் பெயரையும் செதுக்கியிருந்தாயே, மெருகு போடும்போது ஆசாரியிடம் அந்த இடத்தைத் தேய்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

'அமரன்' இன்னும் பார்க்கவில்லை, இங்கே டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. சாய் பல்லவிக்காகவே போகவேண்டும் என்று என் பெண் சொல்கிறாள். நீ பார்த்துவிட்டால் முழுதாக எழுது, ஒரு வரியில் முடிக்காதே.

பொங்கலுக்கு வா. மைசூரு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை தஞ்சாவூர், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். உங்கள் தெருப்பக்கம் போகவேண்டாம் என்றால் போகவேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம். 'கொட்டுக்காளி' பார்ப்போம், 'கூழாங்கல்' பார்ப்போம். திரும்பிப் போக டிக்கெட் மட்டும் எடுத்துவிட்டு வராதே. ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வைக்கிறேன்.

உன்,
சாந்தி