அந்தப் பச்சை நோட்டு

மாப்ள,

மூணு மாசமா போன் எடுக்கல, மெசேஜுக்கும் பதில் போடல, கோவமாத்தான் இருப்ப. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப பரவால்ல, கம்ப ஊண்டி தெருமுக்கு வரைக்கும் நடக்குறாங்க. டப்பாவுக்கு ரெண்டாவதும் பொண்ணு, பேரு உன்னத்தான் கேக்கச் சொன்னான், எல்லாத்தையும் போல இதையும் ஒரு வருசம் இழுக்காத.

விசயம் வேற. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி வெள்ளையடிக்கணும்னு பரண்ல கெடந்ததெல்லாம் இறக்குனப்ப நம்ம லேப் ரஃப் நோட்டு கெடச்சுச்சு, பச்சை அட்டை, ஓரத்துல நீ சிந்துன டீக்கறை. சும்மா புரட்டுனேன். மைக்ரோகிளியா, அதான் மூளையோட காவக்கார செல்லு, அதப் பத்தி நாம போட்ட பேப்பரோட சாம்பிள் பக்கம். வலிப்பு ஆபரேஷன்ல எடுத்த துண்டுக்கு நேரா என் கையெழுத்து: '37 டிகிரி, என்சைம், 45 நிமிசம்', செல்லு செல்லா பிரிக்க. கன்ட்ரோலுக்கு, நோய் இல்லாத மூளையோட ஒப்பிட, வாங்குன போஸ்ட்மார்ட்டம் துண்டுக்கு நேரா உன் கையெழுத்து: 'ஐஸ்ல இடிச்சது, என்சைம் இல்ல'. பேப்பர்ல ரெண்டுக்கும் ஒரே முறைன்னு போட்ருக்கோம்டா.

அந்த செல்லு தொட்டாச்சிணுங்கின்னு உனக்கே தெரியும். 2005ல உயிரோட இருக்குற எலி மூளைய மைக்ரோஸ்கோப்ல பாத்தப்பவே, சும்மா ஓய்வுல கெடக்குன்னு நெனச்ச மைக்ரோகிளியா கைய கால நீட்டி சுத்தியும் துழாவிக்கிட்டே இருந்துச்சுல்ல. அதப் பிச்சு எடுத்து முக்கா மணி நேரம் சூட்டுல ஊற வச்சா சும்மா இருக்குமா? 2022ல நேச்சர் நியூரோசயின்ஸ்ல வந்த பேப்பர் அதத்தான் காட்டுச்சு, சூடா என்சைம் போட்டாலே ஃபாஸ், ஜுன் மாதிரி செல்லு சீண்டப்பட்டா உடனே முழிச்சுக்குற ஜீனெல்லாம் எகிறிருது, மூளைக்குள்ள இல்லாத பரபரப்பு டியூபுக்குள்ள வந்துருது. அப்பறம் நம்ம பேப்பரோட ரெண்டாவது டேபிள, நோயால எகிறுச்சுன்னு போட்ட ஜீன் லிஸ்ட, எடுத்துப் பாத்தேன். மேல நிக்கிறதுல முக்காவாசி அதே ஜீனுங்கதான். வாடிவாசலத் தாண்டி வந்த காளையப் பாத்துட்டு, இது தொழுவத்துலயும் இப்படித்தான் முட்டும்னு எழுதி வச்சிருக்கோம் மாப்ள. நோயால வந்தது எவ்வளவு, நம்ம சூட்டால வந்தது எவ்வளவுன்னு பேப்பர்ல இருக்குறத மட்டும் வச்சு யாராலயும் பிரிக்க முடியாது.

சார்கிட்ட பேசுனேன். 'இத்தன வருசம் கழிச்சு யாருப்பா பாக்கப்போறா, விடு'ங்குறாரு. பாக்குறாங்கடா. போன மாசம் ஒரு பொண்ணு, பிஎச்டி மொத வருசமாம், நம்ம ஜீன் லிஸ்ட வச்சுத்தான் மருந்து டெஸ்ட் பண்ணப்போறேன்னு ரொம்ப மரியாதையா மெயில் போட்டுச்சு. அதோட மூணு வருச உழைப்பு நம்ம டேபிள் மேல நிக்கப்போகுது. அந்த மெயில இன்னும் திறந்து வச்சுக்கிட்டேதான் உக்காந்துருக்கேன், தூக்கம் வரல.

ஜர்னலுக்குத் திருத்தம் எழுதிட்டேன், எந்த சாம்பிள எப்படிப் பிரிச்சோம்னு உள்ளதச் சொல்லி. பேப்பரையே வாபஸ் வாங்கணும்னு அவங்க சொன்னாலும் எனக்கு சம்மதம். ரெண்டாவது பேரு உன்னுது, நீ ஓகே சொல்லாம அனுப்ப மாட்டேன். அந்தப் பொண்ணுக்கு மட்டும் இன்னிக்கு ராத்திரியே எழுதிருறேன், அதுக்கு யாரு சம்மதமும் வேணாம்.

உன் பழைய ஹார்ட் டிஸ்க்ல மொத சாம்பிள் ஷீட் இருக்கான்னு பாரு, கன்ட்ரோல்ல ஒன்னு ரெண்டாவது சூட்டுல பண்ணிருந்தோம்னா அத வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம். பாத்துட்டு போன் பண்ணு, எத்தன மணியானாலும் எடுப்பேன்.