தமஸ்குவில் சவுலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனனியா ஐயாவுக்கும், நேர்த்தெருவில் குடியிருந்த யூதா அவர்களுக்கும், மதிலிலிருந்து கூடையை இறக்கிய சகோதரர்களுக்கும், பர்னபா அவர்களுக்கும் எங்கள் ஸ்தோத்திரம்.

ஜனவரி 25, சவுல் என்ற பவுலின் மனந்திரும்புதலைத் திருச்சபை நினைவுகூரும் நாள். அன்றைய பிரசங்கம் பெரும்பாலும் தமஸ்கு போகும் வழியில் அவரைத் தரையில் விழச்செய்த வானத்து ஒளியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கண் தெரியாமல், 3 நாள் அன்னந்தண்ணீர் இல்லாமல் கிடந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர் உண்டு. போய்ப் பார்க்கப் பயந்தும் போனவர் உண்டு. பவுலின் நிருபங்களில் அனனியா என்ற இந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ரோமர் 16-ல் 20-க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்தியவர், ஐயா, உங்களைக் குறிப்பிடவில்லை. அகிரிப்பா ராஜா முன் தன் கதையைச் சொன்னபோதும் (அப்போஸ்தலர் 26) உங்களைத் தாண்டிப் போய்விட்டார். அதை நன்றிகெட்டதனமாக நாங்கள் பார்க்கவில்லை. கலாத்தியருக்கு எழுதும்போது, தன் சுவிசேஷம் மனுஷரிடம் கற்றதல்ல என்று நிலைநாட்டுவதே அவருக்கு உயிர்ப்பிரச்சினை. அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா, அதன் 9-ம், 22-ம் அதிகாரங்களில் உங்கள் பெயரை எழுதிவைத்ததால்தான் இந்த மடலுக்கு முகவரி கிடைத்தது.

எருசலேமிலிருந்து தமஸ்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர். நடந்தால் ஒரு வாரம். 'இந்த மார்க்கத்தார்' எனப்பட்ட இயேசுவின் சீஷர்கள் ஆணோ பெண்ணோ, கண்டால் கட்டி எருசலேமுக்குக் கொண்டுவரலாம் என்று பிரதான ஆசாரியரின் நிருபங்கள் சவுல் கையில் இருந்தன. கூட வந்தவர்கள் அந்த வேலைக்குத்தான் வந்தார்கள். ஆனாலும் நடுவழியில் விட்டுப் போகாமல், கையைப் பிடித்து ஊருக்குள் கூட்டிவந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. ஓவியங்களில் வரும் குதிரை வசனத்தில் இல்லை. படத்தைப் பார்த்துப் பாடம் நடத்தினால் குதிரை மனதில் நிற்கும், இந்தக் கைகள் மறைந்துபோகும்.

யூதா அவர்களே, நீங்கள் விசுவாசியா என்றுகூட வசனம் சொல்லவில்லை. தெருப்பெயரும் உங்கள் பெயரும் மட்டும் உண்டு. கிழக்கு மேற்காகப் பழைய நகரின் நடுவே ஓடும் அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. அதன் கிழக்கு முனையில் பாப் ஷர்க்கி என்ற ரோமர் காலத்து வாசலும் நிற்கிறது.

அனனியா ஐயா, நிருபங்களைப் பற்றி உங்களுக்கு முன்பே தெரியும். 'கட்டும்படி அதிகாரம் பெற்று வந்திருக்கிறானே' என்று, போகச் சொன்ன கர்த்தரிடமே சொன்னீர்கள். அந்தப் பயத்தை மறைக்காமல் சொன்னதற்கே தனியாக ஒரு நன்றி. நீங்கள் செய்ததை எங்கள் பிள்ளைகளுக்கு வரிசை மாறாமல் சொல்லிக்கொடுக்கிறோம். வீட்டுக்குள் போனீர்கள், அவர்மேல் கைகளை வைத்தீர்கள், 'சகோதரனாகிய சவுலே' என்றீர்கள். செதிள்கள் போன்றவை விழுந்து பார்வை வந்தது. அவர் எழுந்து ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு அப்புறம்தான் சாப்பாடு. மூன்று நாள் பட்டினி கிடந்தவராயிற்றே என்ற இரக்கத்தில் பலர் சாப்பாட்டை முன்னே வைத்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு, 'சகோதரன்' என்ற சொல்லை ஞானஸ்நானத்துக்குப் பின்னால் தள்ளுவது. அவர் இன்னும் வாய் திறந்து ஒன்றும் அறிக்கை செய்யாதபோதே, பார்வைகூடத் திரும்பாதபோதே நீங்கள் அப்படி அழைத்தீர்கள். இந்த அதிகாரத்தில் எங்களை அதிகம் அசைப்பது அந்த ஒரு சொல்தான். அதோடு, நீங்கள் கூப்பிட்ட பெயர் சவுல். மனந்திரும்பியதும் பெயர் பவுல் ஆனது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது; பவுல் என்ற பெயரை லூக்கா முதலில் எழுதுவது அப்போஸ்தலர் 13:9-ல், சீப்புரு தீவுப் பயணத்தில்தான்.

கூடை பிடித்த சகோதரர்களே, உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. சவுலைக் கொல்ல யூதர்கள் இரவும் பகலும் வாசல்களைக் காத்தார்கள் என்கிறார் லூக்கா. நபாத்தேயரின் ராஜாவான அரேத்தாவின் அதிகாரி காவல் வைத்தார் என்கிறார் பவுல். இருவர் சொல்வதிலும் வாசல் வழி அடைபட்டுவிட்டது. மிச்சமிருந்தது மதிலோடு சேர்ந்த ஒரு ஜன்னல். லூக்கா சொல்லும் கூடை கிரேக்கத்தில் ஸ்பூரிஸ். மத்தேயு 15-ல் மீந்த அப்பத் துணிக்கைகளை நிரப்பிய 7 கூடைகளுக்கும் இதே சொல்தான். 5,000 பேர் சாப்பிட்ட பிறகு நிரப்பிய 12 கூடைகள் கொஃபினோஸ், வேறு வகை. பவுல் எழுதுவதோ சர்கானே, முறுக்கிப் பின்னிய கூடை. ஓர் ஆள் அடங்கும் கூடையை இருட்டில், சத்தமில்லாமல், மதில் உயரம் முழுவதும் இறக்குவது சாமானிய வேலையல்ல. அரேத்தா இறந்தது கி.பி. 40 அளவில், அந்த இரவு அதற்கு முந்தியது. தமஸ்கு உதவிகளில் பவுல் நிருபத்தில் எழுதியது இது ஒன்றைத்தான் (2 கொரிந்தியர் 11:33). அதையும் 'இறக்கிவிடப்பட்டேன்' என்று எழுதினார். இறக்கியவர்கள் அந்தச் சொல்லுக்குள்ளேயே மறைந்து நிற்கிறீர்கள்.

பர்னபா அவர்களே, எருசலேமில் எல்லாரும் சவுலை நம்பாமல் ஒதுங்கியபோது, நீங்கள் அவரை அப்போஸ்தலரிடம் சேர்த்துக்கொண்டு போய் 3 காரியங்களைச் சொன்னீர்கள்: வழியில் கர்த்தரைக் கண்டார், கர்த்தர் அவரோடு பேசினார், தமஸ்குவில் இயேசுவின் நாமத்தில் தைரியமாய்ப் பேசினார். அதோடு நிற்காமல், பிற்பாடு தர்சு வரை தேடிப் போய் அவரை அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தீர்கள்.

இந்த ஆண்டு ஜனவரி 25-ல் எங்கள் வகுப்புகளில் அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தை 9-ம் வசனத்தோடு நிறுத்தாமல் 30-ம் வசனம் வரை வாசிக்கிறோம். அனனியா, யூதா, பர்னபா என்று பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லியும், மற்றவர்களைக் 'கையைப் பிடித்தவர்கள்', 'கூடையை இறக்கியவர்கள்' என்றும் சொல்லி ஸ்தோத்திர ஜெபம் செய்கிறோம்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் அன்பான,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள்