கொடைக்கானல் வேண்டாம், இங்கே வா

கீரனூர்
கார்த்திகை, ஞாயிறு

அன்புள்ள கணேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் சரசுவும் நலந்தானே? மகளுக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கு மாறுதல் வந்ததும் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். அந்த அலைச்சலில் கடிதம் நின்றுபோயிற்று. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதோடு ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிகிறாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். “வழக்கம்போல மே மாதம் கொடைக்கானல், அறைக்குச் சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். சொல்லாதே. கூட்டம் தாங்காமல் நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. போன தடவை நாம் மலையைப் பார்த்த நேரத்தைவிட முன்னால் நின்ற வேனின் பின்புறத்தைப் பார்த்த நேரந்தான் அதிகம். பாலு காருக்குள்ளேயே தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்ததும், அதற்கு நீ போட்ட கூச்சலும் நினைவிருக்கிறதல்லவா? அறுபதைத் தாண்டிய பிறகும் ஊரெல்லாம் போகிற இடத்துக்கே நாமும் போய் நிற்க வேண்டுமா?

நான் சொல்கிற இடத்துக்கு வா. புதுக்கோட்டை. சிரிக்காதே. திருச்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நாம் ராமேசுவரம் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடந்துபோன ஊர்தான். அந்தத் தூக்கத்தில் எதையெல்லாம் தவறவிட்டோம் என்பது இங்கே வந்து குடியிருக்கும்போதுதான் தெரிகிறது.

முதலில் நார்த்தாமலை. திருச்சி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மொட்டைப் பாறைக் குன்றுகள். அவற்றில் மேலமலை என்கிற குன்றில் படிக்கட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது; சரிந்து கிடக்கும் பாறையின் மேலேயே நடக்க வேண்டும். ஓரிடத்தில் பாறை மடிந்து திரும்புகிறது. திரும்பியதும் எதிரே விஜயாலய சோழீசுவரம், மேற்கு பார்த்து நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். தமிழ்நாட்டில் இந்த அமைப்பை நீ எளிதில் பார்க்க முடியாது. சுற்றிலும் எட்டுச் சிற்றாலயங்கள் இருந்தனவாம், இப்போது ஆறு நிற்கின்றன. நேர் எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைக் கோயில்கள். பெரியதில் பன்னிரண்டு திருமால்கள், ஆளுயரத்தில், ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்கிறார்கள். நான் போன மாலையில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரைத் தவிர அங்கே யாருமில்லை. மேலே இருக்கிற சுனைக்குள், தண்ணீருக்கடியில், ஒரு சிவலிங்கம் இருக்கிறது என்று அவர்தான் காட்டினார். சுனையின் பெயர் தலையருவிச் சிங்கம். நீரை இறைத்தால்தான் சாமியைப் பார்க்க முடியும்.

கல்வெட்டில் ஒரு செய்தி இருக்கிறது, கணேசா. அதை அறிந்ததிலிருந்து என்னால் விட முடியவில்லை. கோயிலைக் கட்டியவன் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையன். மழை அடித்து அது இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் எடுத்துப் புதுக்கினான். சோழப் பேரரசன் பெயரில் கோயில் நிற்கிறது; ஆனால் கட்டியவனும் காப்பாற்றியவனும் இந்தப் பக்கத்துச் சிற்றரசர்கள். மல்லன் விடுமன் மட்டும் அன்றைக்குப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் இன்றைக்கு அங்கே வெறும் கற்குவியல்தான் இருந்திருக்கும். குன்றின் மேலே நின்றால் தூரத்தில் கல் குவாரிகள் தெரிகின்றன. மலையென்று இருந்தவை குழிகளாகிக்கொண்டிருக்கின்றன. வெடிச் சத்தம் கேட்கும்போது எனக்கு அந்த மல்லன் விடுமன்தான் நினைவுக்கு வருகிறான். இந்த இடங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவாக இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது என்று நினைக்கிறேன். கொடைக்கானல்போல ஆயிரம் கார்கள் வரவேண்டாம். பத்துக் குடும்பம் வந்து பார்த்து, ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொன்னால் போதும். கீழே ஒரு டீக்கடைக்காரருக்குப் பிழைப்பு நடக்கும், மலைக்கும் கேட்க ஆள் இருக்கும்.

கொடும்பாளூரைச் சொன்னால் நீயே கிளம்பிவிடுவாய். தமிழாசிரியர் வகுப்பில் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையை நீதானே தலைகீழாக ஒப்பிப்பாய்! மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும்போது, கொடும்பை நெடுங்குளத்தருகே போனால் சிவன் கைச் சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறானே, அந்தக் கொடும்பை இதுதான். அங்கே பூதி விக்கிரமகேசரி பத்தாம் நூற்றாண்டில் கட்டிய மூவர் கோயிலில் இரண்டு முழுதாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். புல்தரையில் உட்கார்ந்து நீ அந்த அடிகளைச் சொல்ல வேண்டும், நாங்கள் கேட்க வேண்டும்.

திருமயம் கோட்டையையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் வந்தபின் காட்டுகிறேன். திருமயத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தைப் பார்க்கக் கழுத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப வேண்டும். பக்கத்திலேயே, அதே பாறையில், சிவனுக்கும் குடைவரை. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசு எவ்வளவு சிறியது என்று அங்கே பார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

காசி போன வாரம் பேசினான். கண் அழுத்த நோய் முற்றியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை போய்விட்டது. நேராக இருப்பது மட்டும் தெரிகிறதாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடுகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது பக்க நோட்டின் அட்டையில்கூட யானை வரைந்துகொண்டிருந்தவன், ஓவிய ஆசிரியராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இதை எனக்கு ரேஷன் கடை விவரம் சொல்வதுபோலச் சொன்னான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான். நான் சொல்கிறேன். நீ கோபப்படு, பரவாயில்லை.

அவனைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போக வேண்டும். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு அங்குள்ள தாமரைக் குள ஓவியத்தைப் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லிக் கொடுத்தான், நேரில் பார்த்ததில்லை. புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரையின் கூரையில் அந்தக் குளம் இருக்கிறது. தாமரை இலைகளுக்கு நடுவே யானையும் எருமையும் அன்னமும் மீனும், பூப்பறிக்க இறங்கிய மூன்று ஆட்களும். ஒருவன் கையில் பூக்கள், அந்த விரல்கள் மடிந்திருக்கும் நயத்தைக் காசி பார்க்க வேண்டும். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு சொல்கிறது. காவியும் மஞ்சளும் பச்சையும் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் பல இடங்களில் சுண்ணாம்புப் பூச்சோடு ஓவியமும் உதிர்ந்துபோயிருக்கிறது. தூணில் ஆடுகிற பெண்களின் உருவம் கோடுகளாக மங்கிவிட்டது. தாமதிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுவதற்கு ஓவியமும் காரணம், காசியும் காரணம். கூரை தாழ்வுதான். அண்ணாந்து பார்த்தால் படம் நேராகக் கண்ணெதிரே வரும், அவனுக்கு அது போதும். காலை வெளிச்சத்தில் போவோம்.

குன்றின் மேல் ஏழடிப்பட்டம் இருக்கிறது: சமண முனிவர்கள் படுத்த வழவழப்பான கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை, ஒன்றில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து. அங்கே ஒருபக்கம் பள்ளம், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் போக வேண்டும். காசியை அங்கே ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அவன் கேட்பான். நீயும் ஒத்து ஊதாதே.

மே மாதம் இந்தப் பாறைகளில் கால் வைக்க முடியாது, வெந்துவிடும். பொங்கல் முடிந்து வா. சுனைகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் உறைக்காது. தங்கலுக்கு எங்கள் வீட்டு மாடி அறை இருக்கிறது. சரசுவும் வந்தால் என் மனைவிக்குப் பேச்சுத் துணை. பாலுவுக்கு நானே எழுதிவிடுகிறேன். காசியிடம் நீதான் பேச வேண்டும். நான் கூப்பிட்டால் செலவு, அலைச்சல், மருமகள் என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழிக்கிறான். உன்னிடம் அவனால் மறுத்துப் பேச முடியாது. அவனுடைய சொட்டு மருந்து வேளை தவறக் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாதாம், அதையும் கேட்டுக்கொள். திருச்சி ஜங்ஷனுக்கு எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று எழுது, வண்டியோடு வந்து நிற்கிறேன். கொடைக்கானல் அறைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்கிவிடு.

அன்புடன்,
சேகர்