ரேடியேட்டரில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கூலண்ட்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி ஒருவாறு அடங்கி நீ மறுபடியும் காரோட்டத் தொடங்கிவிட்டாய் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் எல்லோரும் நலம். என் மருமகன் புதிய கார் வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் விட்டுவிட்டார். ஆகையால் நீ கேட்டிருக்கும் சந்தேகம் இப்போது எனக்கும் சொந்தமாகிவிட்டது. பனியையே காணாத, வெயில் கொளுத்தும் இடத்தில் ஓடுகிற காருக்கு, உறையாமல் காப்பதற்கென்று செய்த கூலண்ட் என்ற திரவத்தை ஏன் பாதிக்குப் பாதி ஊற்ற வேண்டும், வெறும் தண்ணீர் போதாதா என்று உன் மெக்கானிக் கேட்டதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீரே கெட்டிக்காரன். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகச் சேர்ந்த கலவைக்கு, எஞ்சின் ஓடும் சூட்டில், ஏறத்தாழ 3.5 போதும். கிளைக்கால் கலவை சற்றுக் கனமானது என்பதையும் கணக்கில் எடுத்து லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால்கூட, அது சுமக்கும் வெப்பம் தண்ணீரைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. அதோடு அது சற்றுக் குழகுழப்பாகவும் இருப்பதால் உலோகத்திலிருந்து வெப்பத்தை வாங்குவதிலும் ரேடியேட்டரில் விடுவதிலும் பின்தங்குகிறது. கூலண்ட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குளிர்ச்சி என்று நினைத்துத் தண்ணீரே கலக்காமல் ஊற்றுகிறவர்கள் எஞ்சினுக்கு நன்மை செய்யவில்லை.

அப்படியானால் கொதிநிலை என்னவாயிற்று என்று நீ கேட்பாய். சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தண்ணீரைவிட ஏழு டிகிரிதான் கூடுதல். ஆனால் ரேடியேட்டர் மூடி உள்ளே ஒரு ‘பார்’ (ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்த அளவு) கூடுதல் அழுத்தத்தைத் தேக்கிவைத்தால், வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. கலவை 128 டிகிரி வரை தாங்கும். அதாவது, கொதிநிலையை உயர்த்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கூலண்ட் அல்ல, அந்தச் சிறிய மூடிதான். அதன் ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தால் எந்த விலையுயர்ந்த கூலண்டும் முழுமையாக ஈடுகட்டாது. இருந்தாலும் அந்தச் சில டிகிரிகளை அலட்சியமாக எண்ணாதே. நீண்ட ஏற்றத்தில் ஏறி வந்து சட்டென்று வண்டியை அணைக்கும்போது, பல கார்களில் வாட்டர் பம்பும் உடனே நின்றுவிடுகிறது. எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு முழுவதும் அங்கே அசையாமல் நிற்கும் திரவத்தின்மேல் இறங்குகிறது. அந்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் கிளைக்கால் உதவிக்கு வருகிறது.

உன் மெக்கானிக் மறந்துபோன மற்றொரு விஷயம் அரிப்பு. எஞ்சினுக்குள் அலுமினியம், வார்ப்பிரும்பு, சில வண்டிகளில் செம்பு, பித்தளை, ஈயப் பற்று என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் பாய்ந்து, பலவீனமான உலோகம் கரையத் தொடங்குகிறது. இதைத் தடுப்பது கிளைக்கால் அல்ல, கூலண்டில் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பு இரசாயனங்கள். அவை போதிய செறிவில் இருந்தால்தான் வேலை செய்யும். பொதுவாகக் கூலண்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகும்போது அந்தப் பாதுகாப்பு நம்பத்தக்கதாக இருப்பதில்லை. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது. அவற்றிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடான இடங்களில் காரையாகப் படியும். சில கூலண்டுகளிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து வண்டலாகவும் இறங்கும். காய்ச்சி வடித்த நீரோ, அயனி நீக்கிய நீரோதான் வேண்டும். பேட்டரி தண்ணீர் என்று விற்பதும் அதுவே. ஆனால் பேட்டரி ஆசிட்டை அதுவென்று எண்ணி எடுத்துவிடாதபடி லேபிளைப் படித்து வாங்கு.

ஆகவே என் முடிவு இதுதான்: காரின் கையேடு அனுமதித்தால் 40 விழுக்காடு கூலண்ட், 60 விழுக்காடு தண்ணீர். பனி இல்லாத இடங்களுக்கென்று 30 விழுக்காட்டையே சொல்லும் கையேடுகளும் உண்டு. உன் கையேடு 50 என்று மட்டும் சொன்னால் 50 ஊற்று. குளிர்விப்பு அமைப்பு நல்ல நிலையில் இருந்தால் அந்த வேறுபாட்டை அது எளிதில் தாங்கும், நாமாகக் குறைத்து உத்தரவாதத்தை இழக்க வேண்டியதில்லை.

விகிதத்தைத் தீர்மானிப்பதைவிட அதை எஞ்சினுக்குள் கொண்டுசேர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொள். கீழே உள்ள திருகைக் கழற்றிப் பழையதை வடித்து, தண்ணீர் விட்டு நன்றாக அலசி, மறுபடியும் வடித்தாலும், எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் 2 லிட்டர் வரை தங்கிவிடக்கூடும். அந்த 2 லிட்டர் இப்போது வெறும் தண்ணீர். அதன்மேல், தண்ணீர் கலந்தே விற்கும் 40 விழுக்காட்டு ரெடிமிக்ஸை 4 லிட்டர் ஊற்றினால், உள்ளே உண்மையில் இருப்பது 27 விழுக்காடுதான். எனவே கலக்காத கூலண்டை வாங்கி, முதலில் அதில் 2.4 லிட்டரை ஊற்று. மிச்ச இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பு. காற்றை வெளியேற்றியபின் சிறிது தூரம் ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மட்டத்தைப் பார். அலசும் கடைசித் தண்ணீரும் காய்ச்சி வடித்ததாகவே இருக்கட்டும்.

பிறகு, கலவையின் செறிவை ஒளியைக் கொண்டு அளக்கும் ஒரு சிறிய ஒளிவிலகல்மானியை யாரிடமாவது இரவல் வாங்கு. கண்ணாடிப் பரப்பில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஓர் உறைநிலையைக் காட்டும். நமக்கு உறைநிலை தேவையில்லை, ஆனால் அதிலிருந்து செறிவு தெரிந்துவிடும்: எத்திலீன் கிளைக்கால் அளவுகோலில் கழித்தல் 37 டிகிரி அருகே கோடு நின்றால் 50 விழுக்காடு, கழித்தல் 24 அருகே நின்றால் 40. ஒன்றை மட்டும் கவனி: அரிப்புத் தடுப்பு இரசாயனங்கள் தேய்ந்துபோனதை இந்தக் கருவி காட்டாது, அதற்குக் கூலண்டை எப்போது மாற்றவேண்டும் என்று கையேட்டில் உள்ள கால இடைவெளிதான் வழி.

நிறத்தைப் பார்த்து வாங்காதே. பச்சையும் சிவப்பும் நீலமும் வெறும் சாயம். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிற விதி கிடையாது. லேபிளில் உள்ள தர எண் கையேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதே. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு, நாயும் பூனையும் நக்கிவிடும்.

உன் வண்டி ஏற்கெனவே சூடேறுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குக் கலவையை மாற்றுவது வைத்தியமாகாது. விசிறி உரிய சூட்டில் சுழல்கிறதா, ரேடியேட்டர் இதழ்களில் தூசி அடைத்திருக்கிறதா, மூடி அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். சூட்டுக்கேற்பத் திரவத்தை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் மாற்றுவழி திறந்தே கிடந்து, திரவத்தின் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி, சூடு இன்னும் ஏறும்.

கையேட்டில் கொள்ளளவு எவ்வளவு என்றும், மூடியின்மேல் அழுத்த அளவு 0.9 என்றிருக்கிறதா 1.1 என்றிருக்கிறதா என்றும் பார்த்து எழுது. மூடியை எஞ்சின் ஆறிய பிறகே தொடு.

அன்புடன்,
உன் நண்பன்